சென்னையின் எல்லா ரயிலுக்கும் ஒரே தமிழ் வரைபடம்: எதை நேராக்குவது, எதை விடுவது?

#1 · கூவம்கரை

வணக்கம். சென்னையில் ஓடும் எலெக்ட்ரிக் ட்ரெயின், பறக்கும் ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே தாளில், தமிழில், ஏ3 அளவில் வரைந்துகொண்டிருக்கிறேன். விற்பதற்கு இல்லை. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் கையில் கொடுத்து "இதைப் பார்த்து வந்துவிடுங்கள்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கட்டம் போட்டு, படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு ஆகிய திசைகளில் மட்டும் கோடுகளை ஓட்டியிருக்கிறேன். மாட்டிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன். சென்ட்ரலைச் சுற்றி ஸ்டேஷன் பெயர்கள் கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தெற்கே செங்கல்பட்டு வரை போனால் தாள் போதவில்லை. கடலைப் போடலாமா, வெள்ளையாக விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. வரைவை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள் காரணத்தோடு திட்டவும்.

#2 · போன்_போதும்

எல்லார் கையிலும் போன் இருக்கிறது. புறப்படும் இடம், போகும் இடம் இரண்டையும் தட்டினால் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று அதுவே சொல்கிறது. 2020-களில் உட்கார்ந்து காகித மேப் எதற்கு?

#3 · வேளச்சேரி_வண்டி

சார், நீங்கள் சொல்வது எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளுக்குச் சரி. வண்டி பாதியில் நின்றுவிட்டது, அடுத்தது எப்போது என்று தெரியவில்லை, நான் கோட்டை ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று வையுங்கள். அப்போது எனக்கு வேண்டியது "இங்கிருந்து வேறு எந்தக் கோடு பக்கத்தில் போகிறது" என்ற பதில். போனில் ஒரு வழியைக் காட்டும்போது மற்ற வழிகள் மறைந்துபோகின்றன. மேப்பில் எல்லாம் கண்முன்னே இருக்கும். என் மாமியாருக்கு போனில் இரண்டு விரலால் பெரிதாக்கத் தெரியாது, ஆனால் தாளில் விரல் வைத்துக்கொண்டு அழகாகப் போய்விடுவார்.

கூவம்கரை, கண்டிப்பாக முடியுங்கள்.

#4 · ஈஸ்ட்ஹாம்_இளங்கோ

நான் லண்டனில் இருக்கிறேன் என்பதால் இந்த ஊர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாள் போதாத பிரச்சினைக்கு அதில் நேரடி விடை இருக்கிறது.

1930-களுக்கு முன் இங்கே பாதாள ரயில் மேப் என்றால் ஊர் வரைபடத்தின் மேல் கோடு போட்டதுதான். நடு லண்டனில் ஸ்டேஷன்கள் நெருங்கிக் கிடக்கும், புறநகரில் வெள்ளைத் தாள் வீணாகக் கிடக்கும். சிக்னல் பிரிவில் படவரைஞராக இருந்த ஹாரி பெக் 1931-இல் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். பூமிக்கடியில் போகிறவனுக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு, எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது தெரிந்தால் போதுமே என்பதுதான் அவர் எண்ணம். ரொம்பப் புதுமையாக இருக்கிறது என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு மனம் மாறி 1933 ஜனவரியில் சட்டைப்பை அளவில் அச்சடித்தார்கள். மக்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாரும் சொல்வது அவருடைய 45 பாகைக் கோடுகளைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய வேலையாகத் தெரிவது நடுவை ஊதி ஓரத்தைச் சுருக்கியது. உங்களுக்கும் அதுதான் வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே உண்மையான இடைவெளியை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் சம இடைவெளியில் வரிசையாக நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அங்கே மாறுவதற்கு வேறு கோடே கிடையாது. சேமித்த இடத்தை சென்ட்ரலுக்குக் கொடுங்கள்.

கடல் பற்றி: போடுங்கள். பெக் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தவர் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். 2009-இல் மேப்பைச் சுத்தமாக்குகிறோம் என்று நதியை எடுத்துவிட்டார்கள். ஊரே கொதித்தது. மேயரே தலையிட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் நதி திரும்பி வந்துவிட்டது. நதி இல்லாவிட்டாலும் வண்டி மாறத் தெரியும்தான். ஆனால் வடகரையா தென்கரையா என்பதை வைத்தே ஊரை மனதில் வைத்திருக்கிறவர்களுக்கு அது இல்லாத படம் வேற்றூராகத் தெரிந்தது. சென்னைக்காரனுக்குக் கடல் அப்படித்தான். வலது ஓரத்தில் நேராக ஒரு வெளிர்நீலப் பட்டை போதும்.

#5 · பழைய_மீட்டர்கேஜ்

பணி ஓய்வு பெற்ற ரயில்வேக்காரன். இளங்கோ தம்பி நன்றாகச் சொன்னார். ஒன்றைச் சேர்க்கிறேன். தண்டவாளத்தை நேர்க்கோடாகப் போடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். சிக்னல் கேபினில் இருக்கும் பேனல் போர்டைப் பாருங்கள். வெளியே பாதை எப்படி வளைந்தாலும் போர்டில் அது நேர்க்கோடுதான், பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) எங்கே, சிக்னல் எங்கே என்பது மட்டும் தெரியும். பெக் சிக்னல் பிரிவு ஆள் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அவருக்கு முன்பே ஜார்ஜ் டௌ என்பவர் 1929-இல் லண்டனின் புறநகர் ரயிலுக்கு நேர்க்கோட்டுப் படம் போட்டிருக்கிறார். பெக்கின் பெருமை, சிக்கலான ஒரு வலை முழுவதையும் அப்படி அடக்கியது.

இன்னொரு சேதி. பெக் படம் போட்ட அதே 1931-இல்தான் நம் பீச் (சென்னைக் கடற்கரை) - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது.

சென்ட்ரலுக்கு வருகிறேன். அந்த இடத்தை ஒரே ஸ்டேஷனாக நினைத்தால் வரைய முடியாது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். தாம்பரம் பக்கம் போகிறவர் சாலையைத் தாண்டி பார்க் ஸ்டேஷனுக்கு. வேளச்சேரிக்கு பார்க் டவுன். மெட்ரோ பூமிக்கடியில், நீலமும் பச்சையும் இரண்டும் அங்கேயே. கோவை எக்ஸ்பிரஸ் பிடிக்க வந்தவருக்கு மெயின் கட்டிடம். ஆக ஐந்து வாசல். ஐந்துக்கும் நடந்தே போகலாம், ஐந்துக்கும் தனிப் பெயர். வெளியூர்க்காரர் "சென்ட்ரலுக்கு வந்துவிட்டேன், தாம்பரம் வண்டி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தே பல வருடம் ஓடியது.

#6 · கூவம்கரை

ஐயா, அதே இடத்தில்தான் நானும் நிற்கிறேன். ஐந்தையும் ஐந்து புள்ளியாகப் போட்டால் ஐந்து ஊர் மாதிரித் தெரிகிறது. ஒரே புள்ளியாகப் போட்டால் ஏறிய வண்டியிலிருந்து இறங்கி எதிர் பிளாட்பாரத்தில் மாறலாம் என்று நினைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு வழி வேண்டும்.

#7 · உட்லண்ட்ஸ்_உமா

சிங்கப்பூரில் இந்தச் சிக்கலின் சின்ன வடிவம் உண்டு. தெம்பினிசில் கிழக்கு மேற்குத் தடத்திலிருந்து டௌன்டவுன் தடத்துக்கு மாற வேண்டுமானால் அட்டையைத் தட்டி வெளியே வந்து, கொஞ்சம் நடந்து, மறுபடியும் தட்டி உள்ளே போக வேண்டும். வேறு பல நிலையங்களில் வெளியே வராமலே மாறலாம். பயணிக்கு இரண்டும் ஒன்றல்ல.

உங்கள் ஊரில் வித்தியாசம் இன்னும் பெரிது. மெட்ரோ டிக்கெட் வேறு, புறநகர் டிக்கெட் வேறு. அதனால் மாறும் இடங்களை மூன்று விதமாகப் பிரியுங்கள். ஆலந்தூர் மாதிரி உள்ளேயே மாறக்கூடியது என்றால் இரண்டு கோட்டையும் ஒரே வட்டத்தில் கட்டுங்கள். எழும்பூர், கிண்டி மாதிரி வெளியே வந்து வேறு டிக்கெட் எடுக்க வேண்டியது என்றால் இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஒரு குட்டிப் பாலம். அதைவிடத் தூரம் நடக்க வேண்டும் என்றால் புள்ளிக்கோடும் பக்கத்தில் எத்தனை நிமிட நடை என்பதும். சென்ட்ரலுக்கு மட்டும் முனை மழுங்கிய ஒரு பெரிய சாம்பல் பெட்டி போட்டு, "சென்ட்ரல்" என்று மேலே தடித்து எழுதி, உள்ளே ஐந்து வாசலையும் சின்ன எழுத்தில் அதனதன் கோட்டின் மேலேயே வையுங்கள். பெட்டிக்குள் இருப்பது எல்லாம் நடை தூரம் என்று படம் பார்ப்பவருக்கே புரிந்துவிடும்.

எண் போடுவதையும் யோசியுங்கள். டோக்கியோவில் 2004-இல் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள். மொழி தெரியாதவன்கூட "இப்போது 9, நான் இறங்குவது 13, இன்னும் நான்கு" என்று எண்ணிக்கொள்ளலாம். எங்கள் ஊரிலும் எண் உண்டு, பலகையில் தமிழும் உண்டு. இருந்தும் என் அப்பா எண்ணைத்தான் நம்புகிறார்.

#8 · போன்_போதும்

எண் போட்டால் அதை வேறு யார் மனப்பாடம் செய்வது? பலகையில் இல்லாத எண்ணை மேப்பில் மட்டும் போட்டு என்ன பயன்?

#9 · உட்லண்ட்ஸ்_உமா

இது நியாயமான கேள்வி. ஸ்டேஷனில் எழுதியிருக்காத எதையும் மேப்பில் கண்டுபிடிக்கக் கூடாது. அப்படியானால் எண்ணை விட்டுவிடுங்கள். எத்தனையாவது நிறுத்தம் என்று புள்ளிகளை எண்ண முடிந்தாலே போதும்.

#10 · சிவகாசி_முத்து

அச்சுத் தொழிலில் இருக்கிறேன். எழுத்து பற்றி யாரும் பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழில் ஸ்டேஷன் பெயர் எழுதுவது இங்கிலீஷில் எழுதுவது மாதிரி கிடையாது. அகலம் கூடுதல். "வண்ணாரப்பேட்டை" என்று எழுதிப் பாருங்கள். ண்ணா, ட்டை எல்லாம் படுத்துக்கொண்டு இடத்தைப் பிடிக்கும். மேலே புள்ளி, ஈகார வளைவு, கீழே உகர ஊகாரக் கால் என்று இரண்டு பக்கமும் நீளும். இங்கிலீஷ் எழுத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும். பெயரை இரண்டு வரியாக உடைத்தால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வசதி நமக்கு இல்லை. முக்கியமான ஸ்டேஷனைத் தனித்துக் காட்டத் தடிமன் ஒன்றுதான் கருவி. அதனால் பல தடிமன்கள் உள்ள எழுத்துருவாக எடுங்கள். கேட்டமரான், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் இலவசம்தான். மாறும் இடம் தடித்தது, மற்றது சாதாரணம், அதற்கு மேல் மூன்றாவது தடிமன் வேண்டாம். பெயரைச் சாய்த்து எழுதாதீர்கள். 45 பாகையில் சாய்த்தால் இடம் மிச்சமாகும் என்று எல்லாருக்கும் தோன்றும். சாய்ந்த தமிழில் புள்ளி எந்த எழுத்தின் மேல் நிற்கிறது என்று வயதானவர்களுக்குப் பிடிபடாது. அதற்குப் பதில் கோட்டைச் சாய்த்துவிட்டுப் பெயரைப் படுக்கையாகவே விடுங்கள். சாய்வுக்கோட்டின் பக்கத்தில் பெயர்கள் படிக்கட்டாக இறங்கும், ஒன்றுடன் ஒன்று மோதாது. செங்குத்துக் கோட்டிலும் இதே சௌகரியம் உண்டு. படுக்கைக் கோடுதான் தமிழுக்கு எதிரி. முடிந்தவரை படுக்கையாக ஓடும் நீளத்தைக் குறையுங்கள்.

நம் அதிர்ஷ்டம், சென்னை ரயிலில் பெரும்பகுதி வடக்கு தெற்காகவே ஓடுகிறது.

அப்புறம் பெயர் நீளம். 2020-இல் மெட்ரோ ஸ்டேஷன்கள் சிலவற்றுக்கு வைத்த முழுப் பெயரையும் போட்டால் அந்த ஒரு லேபிளே நுங்கம்பாக்கம் வரை வந்துவிடும். "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல்" என்பதை எத்தனை பாயிண்டில் எழுதுவீர்கள்?

#11 · வேளச்சேரி_வண்டி

"சென்ட்ரல்" என்று எழுதுங்கள். ஆட்டோக்காரரிடம் எப்படிச் சொல்வோமோ அப்படி. கோயம்பேடு பேருந்து நிலைய ஸ்டேஷனுக்கு "சி.எம்.பி.டி". முழுப் பெயர் வேண்டுமானால் பின்பக்கம் அகரவரிசைப் பட்டியலில் போடுங்கள்.

#12 · நெறியாளர்

பெயர் வைத்தது சரியா தவறா என்று மூன்று பதிவுகள் வந்தன. மூன்றையும் நீக்கியிருக்கிறேன். லேபிள் நீளத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

#13 · வேளச்சேரி_வண்டி

பெயரால் வரும் உண்மையான தொல்லை வேறு. ஒரே பெயர், வேறு இடம். சைதாப்பேட்டை எலெக்ட்ரிக் ட்ரெயின் ஸ்டேஷன் வேறு, அண்ணா சாலையில் இருக்கும் சைதாப்பேட்டை மெட்ரோ வேறு. இரண்டையும் ஒரே வட்டத்தில் கட்டிவிட்டால் பெட்டி படுக்கையோடு வருகிறவர் பாவம்.

தலைகீழாகவும் உண்டு. வேறு பெயர், ஒரே இடம். ஜி.எஸ்.டி. சாலைக்கு இந்தப் பக்கம் திரிசூலம், அந்தப் பக்கம் விமான நிலையம். செங்கல்பட்டிலிருந்து விமானம் பிடிக்க வருகிறவர் திரிசூலத்தில் இறங்கினால் போதும் என்று அந்தப் பெயரைப் பார்த்தால் தெரியுமா? ஒரு விமானச் சின்னமும் நடைக்கோடும் போட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது, கடற்கரை. மெரினா போக நினைத்து "சென்னைக் கடற்கரை" ஸ்டேஷனில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே இறங்கினால் எதிரே பாரிமுனை. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் பக்கம். இளங்கோ சொன்ன அந்த நீலப் பட்டையில் இந்த மூன்றுக்கும் நேராக "மெரினா" என்று எழுதிவிடுங்கள். கடல் போட்டதற்கு அதுவே நியாயம்.

#14 · ஈஸ்ட்ஹாம்_இளங்கோ

அருமை. உங்கள் மூன்று உதாரணத்தையும் வைத்தே ஒரு மேப்பைச் சோதித்துவிடலாம்.

கூவம்கரை, படத்தில் எனக்கு ஒரு கவலை. மெட்ரோவின் நீலக் கோடும் பச்சைக் கோடும் சென்ட்ரலில் பிரிந்து ஆலந்தூரில் சேர்கின்றன. நீங்கள் அதைக் கண் வடிவத்தில், இரண்டு இமையும் ஒரே அளவாக வரைந்திருக்கிறீர்கள். பார்க்க அழகு. ஆனால் சென்ட்ரலில் இருந்து ஆலந்தூருக்கு அண்ணா சாலை வழியாக நீலத்தில் போனால் 10-ஆவது நிறுத்தம். கோயம்பேடு சுற்றிப் பச்சையில் போனால் 15-ஆவது. உங்கள் படத்தில் இரண்டும் சமமாகத் தெரிகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ழான் குவோ 2011-இல் லண்டன் பயணிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது மேப்பில் தெரியும் நீளம், உண்மையில் ஆகும் நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செல்வாக்குச் செலுத்துகிறது என்பது அவர் கணக்கு. தினமும் போய்வருகிறவர்களும் இதில் அடக்கம். இங்கே லெஸ்டர் சதுக்கத்துக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே வெறும் 260 மீட்டர். மேப் அதைச் சொல்லாததால் காசு கொடுத்து ஏறி உடனே இறங்குகிற சுற்றுலாப் பயணிகள் ஏராளம். ஸ்டேஷன்களுக்கு இடையே எத்தனை நிமிட நடை என்று காட்டும் தனி மேப் ஒன்றை 2015-இல் வெளியிட்டார்கள்.

பச்சை இமையை இடது பக்கம் நன்றாகத் தள்ளுங்கள். நீலம் நேராக இறங்கட்டும். எது சுற்று வழி என்று பார்த்ததுமே தெரிய வேண்டும்.

#15 · ஜெர்சிசிட்டி_ஜெயா

நியூயார்க்கில் இந்தச் சண்டை ஐம்பது வருடமாக நடக்கிறது. 1972-இல் மாசிமோ வின்யெல்லி போட்ட மேப்பை இன்றும் வடிவமைப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு சேவைக்கும் தனி நிறக் கோடு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் புள்ளி, அவ்வளவு துல்லியம். ஆனால் சென்ட்ரல் பார்க் நிஜத்தில் நீளமான செவ்வகம், அவர் சதுரமாக, அதுவும் சாம்பல் நிறத்தில் போட்டார். தண்ணீருக்கு நீலம் இல்லை. 50-ஆவது தெருவில் இரண்டு ஸ்டேஷன்கள் கிழக்கு மேற்காக இடம் மாறிக் கிடந்தன. மேலே தெருக்கள் கட்டம் கட்டமாக, எண் வரிசையில் ஓடும் ஊர் அது. வெளியே வந்ததும் மேப் சொன்ன திசை பொய் என்று உடனே தெரிந்துவிடும். 1979-இல் எடுத்துவிட்டு ஊர் வரைபடத்தோடு ஒத்துப்போகும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. 2025-இல் மறுபடி வின்யெல்லி பாணிக்கே திரும்பியிருக்கிறார்கள்.

என் கருத்து, லண்டனில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்காது. தெருக்கள் குழம்பிக் கிடக்கும் ஊரில் மேப் பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது. சென்னையில் அண்ணா சாலையையும் கடலையும் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டின் திசை தவறாமல் இருந்தால் மற்றதை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம்.

இன்னொரு கேள்வி: உங்கள் கோடு தண்டவாளத்தைக் குறிக்கிறதா, வண்டியைக் குறிக்கிறதா? வின்யெல்லி வண்டியை வரைந்தார். 1979 மேப்பில் ஒரே பாதையில் போகும் வண்டிகள் ஒரே கோடாகிவிட்டன. நீங்கள் புறநகர் முழுவதையும் ஒரே பழுப்பில் போட்டிருக்கிறீர்கள்.

#16 · பழைய_மீட்டர்கேஜ்

அம்மா கேட்ட கேள்வி சரியானது. தாம்பரம் திசை, அரக்கோணம் திசை, கும்மிடிப்பூண்டி திசை, இவை பயணிக்கு மூன்று லைன். பீச்சிலிருந்து கோட்டை வரை தாம்பரம் வண்டியும் வேளச்சேரி வண்டியும் பக்கம் பக்கமாகப் போகின்றன. அங்கே ஒரே கோடாக்கிவிட்டால் எங்கே பிரிகிறது என்று தெரியாது. இரண்டு கோடும் ஒட்டி ஓடட்டும். ஃபாஸ்ட் வண்டி எங்கே நிற்காது என்பதை மட்டும் இதில் நுழைக்காதீர்கள். அது டைம்டேபிள் சமாசாரம்.

#17 · ஈஸ்ட்ஹாம்_இளங்கோ

ஐயா சொல்வதற்கு இங்கே நேர் உதாரணம் உண்டு. தரைக்கு மேலே ஓடும் லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயிலின் ஆறு பாதைகளையும் பல வருடம் ஒரே ஆரஞ்சு நிறத்தில் போட்டிருந்தார்கள். "ஓவர்கிரவுண்டில் கோளாறு" என்று அறிவித்தால் எந்தப் பாதை என்றே தெரியாது. 2024-இல் ஆறுக்கும் தனிப் பெயரும் தனி நிறமும் கொடுத்தார்கள்.

#18 · போன்_போதும்

நிறம் என்று எல்லாரும் எளிதாகச் சொல்கிறீர்கள். எனக்குச் சிவப்பு - பச்சை நிறக்குறைபாடு. மேப் என்றாலே எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் அதுதான். ஐரோப்பாவில் ஆண்களில் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நம் ஊரில் விகிதம் குறைவு, ஆனாலும் ஒரு ரயில் பெட்டியில் நிச்சயம் யாராவது இருப்போம்.

மெட்ரோவின் நீலமும் பச்சையும் எனக்குத் தனியாகத் தெரியும். கட்டிவரும் இரண்டாம் கட்டத்தில் ஊதா, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று வருகின்றன. ஊதா எனக்கு நீலம் மாதிரி. சிவப்பும் ஆரஞ்சும் பச்சையோடு குழம்பும். "பச்சை லைனில் மாறுங்கள்" என்று மட்டும் எழுதினால் நான் காலி.

#19 · சிவகாசி_முத்து

அண்ணே, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!

அச்சிலும் அதே கதை. திரையில் நீலமும் ஊதாவும் தனித்தனியாகப் பளிச்சென்று தெரியும். நான்கு வண்ண அச்சில் நீலத்துக்கு மெஜென்டா (கருஞ்சிவப்பு மை) கொஞ்சம் கூடினால் ஊதாவாகிவிடும். நீலத்தில் மெஜென்டாவைக் குறைத்து வையுங்கள், ஊதாவை வெளிற விடுங்கள். வெளிச்ச வித்தியாசம் இருந்தால் நிறம் தெரியாதவருக்கும் பிரிந்து தெரியும். சோதிக்க எளிய வழி, படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள். அதில் எந்த இரண்டு கோடு ஒன்றாகத் தெரிகிறதோ அந்த இரண்டையும் மாற்றுங்கள்.

அப்புறம், கோட்டின் பெயரை ஓரத்து விளக்கப் பெட்டியில் ஒளிக்காமல் கோட்டின் இரண்டு முனையிலும் எழுதுங்கள். "விமான நிலையம் ↔ விம்கோ நகர் பணிமனை" என்று. பிளாட்பாரத்திலும் கடைசி ஸ்டேஷன் பெயரைப் பார்த்துத்தான் ஏறுகிறோம்.

#20 · உட்லண்ட்ஸ்_உமா

நிறமும் எழுத்தும் இரண்டுமே தெரியாதவர்களுக்கு மெக்சிகோ நகரம் ஒரு வழி கண்டது. 1969-இல் மெட்ரோ தொடங்கியபோதே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு சின்னம். வடிவமைத்தவர் லான்ஸ் வைமன். சபுல்தெபெக் என்றால் வெட்டுக்கிளி. நம் நாட்டில் தேர்தலுக்குச் சின்னம் வந்ததும் இதே தேவையால்தான். உங்கள் தாளில் எல்லாவற்றுக்கும் வேண்டாம். விமானம், கோயில், கலங்கரை விளக்கம், பேருந்து, பெரிய மருத்துவமனை இவ்வளவு போதும்.

45 பாகை பற்றியும் ஒரு வார்த்தை. அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எசெக்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் மேக்ஸ்வெல் ராபர்ட்ஸ் பாரிஸ் மெட்ரோவை முழுக்க வளைகோடுகளாலேயே வரைந்து, அதிகாரப்பூர்வ மேப்போடு போட்டி வைத்தார். வழி கண்டுபிடிப்பதில் வளைகோட்டு மேப் 50 விழுக்காடு வரை வேகமாக இருந்தது. பாரிசில் கோடுகள் அவ்வளவு வளைவதால், நேராக்கப் போனால் ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட முறிவு வருகிறது. கண் ஒவ்வொரு முறிவிலும் தடுக்கி விழுகிறது. இதைவிட எனக்குப் பிடித்த முடிவு இன்னொன்று: எந்த மேப் பிடித்திருக்கிறது என்று மக்கள் சொன்னதற்கும், எதில் நன்றாக வழி கண்டுபிடித்தார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை.

எனவே கூவம்கரை, "நன்றாக இருக்கிறதா" என்று எங்களிடம் கேட்பதை நிறுத்துங்கள். யாரையாவது உட்காரவைத்து ஒரு வேலை கொடுங்கள். விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

#21 · கூவம்கரை

செய்து பார்த்தேன். அரக்கோணத்திலிருந்து அத்தை வந்திருந்தார். தாளைக் கையில் கொடுத்து, "தாம்பரத்தில் நிற்கிறீர்கள், கோயம்பேடு போக வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

விரல் தாம்பரத்தில் தொடங்கியது. குரோம்பேட்டை, பல்லாவரம் வரை ஒழுங்காக ஏறியது. பரங்கிமலையைத் தொட்டது. நிற்கவில்லை. கிண்டி, மாம்பலம், கோடம்பாக்கம் எல்லாம் தாண்டி எழும்பூரில் போய் நின்றது. அங்கே பச்சையைப் பிடித்து, கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் சுற்றிக் கோயம்பேட்டில் இறங்கினார். வழி தவறு கிடையாது, போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பரங்கிமலையில் மாறியிருந்தால் பாதி நேரம் மிச்சம்.

ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். "அங்கேதான் பச்சைக் கோடு முடிஞ்சு போச்சே" என்றார். பச்சை லைன் அங்கே முடிகிறது என்பதைக் காட்ட ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தேன். அது அவருக்கு "இதற்கு மேல் வழியில்லை" என்று தெரிந்திருக்கிறது. எழும்பூரில் இரண்டு கோடும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன, அது மாறும் இடமாகத் தெரிந்தது. குறுக்குக் கோட்டை எடுத்துவிட்டு, பச்சையை எலெக்ட்ரிக் ட்ரெயின் கோட்டின் மேல் கொண்டுபோய் ஒட்டி, உமா அக்கா சொன்ன பாலத்தைப் போட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அதே கேள்வி. பரங்கிமலையில் நின்றது விரல்.

இதுவரை எடுத்த முடிவுகள்: கடல் உண்டு, மெரினா என்ற எழுத்தோடு. கூவம் வேண்டாம் (என் பெயரில் இருந்தால் போதும்). அடையாறு மெல்லிய கோடாக இருக்கட்டும். புறநகர் மூன்று நிறம். பச்சை இமை இடது பக்கம் போய்விட்டது. சென்ட்ரல் பெட்டி வந்துவிட்டது, ஆனால் அதற்குள் பார்க், பார்க் டவுன் இரண்டும் இன்னும் இடித்துக்கொள்கின்றன.

இரண்டாம் கட்ட மெட்ரோவைப் புள்ளிக்கோடாகப் போடலாமா?

#22 · ஜெர்சிசிட்டி_ஜெயா

திறக்காத லைனைப் பயணிகள் மேப்பில் போடாதீர்கள். புள்ளிக்கோட்டுக்கு நீங்கள் நினைக்கும் அர்த்தம் வேறு, படிக்கிறவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் வேறு. ஏற்கெனவே நடைபாதைக்குப் புள்ளிக்கோடு வைத்திருக்கிறீர்கள்.

#23 · பழைய_மீட்டர்கேஜ்

கோடு வேண்டாம், இடம் விடுங்கள். 118.9 கிலோமீட்டர் வரப்போகிறது. மூன்றாவது, நான்காவது லைன் இரண்டும் திருமயிலையில் பறக்கும் ரயிலோடு சேரும். ஐந்தாவது ஆலந்தூர் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும். வடபழனியிலும் கோயம்பேட்டிலும் புதுக் கோடு வந்து முட்டும். இந்த நான்கு இடத்திலும் இப்போதே பெயரை ஓரமாகத் தள்ளி, ஒரு கோடு நுழையும் அளவுக்கு வெற்றிடம் வைத்தால் பின்னால் முழுப் படத்தையும் பிரித்துப் போட வேண்டியிருக்காது. பார்க் டவுன் பெயரைப் பெட்டிக்குக் கீழே வலப்பக்கம் இறக்குங்கள். சிந்தாதிரிப்பேட்டையை ஒரு கட்டம் தெற்கே தள்ளினால் இடம் கிடைக்கும்.

#24 · போன்_போதும்

அடுத்த வரைவு வந்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். நிறம் சரியா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

#25 · கூவம்கரை

கண்டிப்பாக அண்ணே. சிந்தாதிரிப்பேட்டையைத் தள்ளிவிட்டேன், இடம் கிடைத்தது. முத்து அண்ணே, அச்சுக்கு எப்படி அனுப்ப வேண்டும்?

#26 · சிவகாசி_முத்து

பி.டி.எஃப். ஆக, எழுத்தையெல்லாம் பாதையாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிட்டு அனுப்புங்கள். அப்படியே அனுப்பினால் சில கணினியில் எழுத்துரு மாறி, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய்விடும். "கொருக்குப்பேட்டை" அப்படி உடைந்து வந்த ஒரு ஃப்ளெக்ஸை நானே பார்த்திருக்கிறேன். மாற்றுவதற்கு முன் ஒரு அசல் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பெயர் திருத்த முடியாது. ஓரம் வெட்ட நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். கடல் பட்டையை அந்த ஓரம் தாண்டி இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தி சற்று விலகினாலும் வலது பக்கம் வெள்ளைக் கீற்று நிற்கும்.